தழுவலும் முத்தமும்: இடைக்கால ஆங்கிலச் சொற்புலம் ஒன்றின் வரலாறு

முன்னுரை

உடலசைவுகளைக் குறிக்கும் சொற்கள் எல்லா மொழிகளிலும் எளியனவாகத் தோன்றும். நடத்தல், அமர்தல், கைநீட்டல் போன்றவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பதில் இடர்ப்பாடு குறைவு என்றே கருதுகிறோம். ஆனால் அன்பைப் புலப்படுத்தும் உடலசைவுகள் இவ்வகையைச் சேர்ந்தன அல்ல. யார் யாரைத் தழுவலாம், எங்கே தழுவலாம், அத்தழுவல் எதனை உறுதிசெய்கிறது என்பனவற்றைச் சமுதாயமே வரையறுக்கிறது. அவ்வரையறை மாறும்போது சொற்களும் இடம்பெயர்கின்றன.

ஆங்கிலத்தில் தழுவலைக் குறிக்க இன்று பெருவழக்கில் உள்ள சொல் 'ஹக்' என்பதாகும். இச்சொல் இடைக்கால ஆங்கில நூல் எதனிலும் இல்லை. இதன் முதற் சான்றுகள் 1560களைச் சேர்ந்தவை. அவ்வாறாயின், அதற்கு முற்பட்ட எண்ணூறு ஆண்டுகளில் ஆங்கிலம் பேசிய மக்கள் தழுவலை எச்சொற்களால் குறித்தனர்? அச்சொற்கள் எவ்வெவ் உறவுகளுக்கு வழங்கின? இவ்வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. இடைக்கால நூல்களை நாம் பெரும்பாலும் தற்கால ஆங்கிலப் பெயர்ப்புகளின் வழியாகவே தமிழுக்குக் கொணர்கிறோம். ஆதலின் இவ்வாராய்ச்சி மொழிபெயர்ப்பாளர்க்கும் நேரடியாகப் பயன்படும்.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் இன்று நிறைவாக உள்ளன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி 1952இல் வெளிவரத் தொடங்கி 2001இல் நிறைவெய்தியது. பழைய ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த களஞ்சியம் 1995இலும், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் வரலாற்றுப் பொருட்களஞ்சியம் 2009இலும் வெளிவந்தன. ஒரு பொருளுக்கு உரிய எல்லாச் சொற்களையும் காலவரிசையில் ஒருங்கே காண்பதற்கு இவை வழிசெய்துள்ளன.

1. 'கிளிப்பன்': ஒரு சொல், பல உறவுகள்

பழைய ஆங்கிலத்தில் தழுவலைக் குறித்த முதன்மையான வினை 'கிளிப்பன்' என்பது. இதன் முதலுயிர் இதழ்குவித்து ஒலிக்கப்பட்ட இகரமாகும். இடைக்கால ஆங்கிலத்தில் இவ்வுயிர் வட்டாரந்தோறும் வேறுபட்டது. வடக்கிலும் கிழக்கு நடுப்பகுதியிலும் 'கிளிப்பென்', மேற்கில் 'க்ளுப்பென்', கென்ட் பகுதியில் 'க்ளெப்பென்' என மூவகையாக அச்சொல் எழுதப்பட்டது. ஒரு படியில் இச்சொல் எவ்வுயிரோடு வருகிறது என்பதைக் கொண்டே அப்படி எழுதப்பட்ட வட்டாரத்தை ஓரளவு உய்த்துணரலாம்.

இவ்வினை தனித்து வருவதினும் முத்தமிடலைக் குறிக்கும் 'கிஸ்ஸன்' என்பதனோடு இணைந்து வருவதே மிகுதி. இரண்டும் ககர ஒலியில் தொடங்குவன; நம் யாப்பில் மோனை எனப்படுவதற்கு நிகரானதோர் ஒலியிணைப்பு இவற்றிடையே உண்டு. பழைய ஆங்கிலப் பாடல்களின் யாப்பு முதலொலி ஒன்றுதலையே அடிப்படையாகக் கொண்டது. எனவே 'தழுவி முத்தமிடல்' என்னும் இவ்விணை பாவலர்க்குக் கைவந்த வாய்பாடாக அமைந்தது. பின்னர் உரைநடைக்கும் பரவி, 15ஆம் நூற்றாண்டு வரை நிலைத்தது.

இவ்வாய்பாட்டின் பரப்பை மூன்று சான்றுகள் கொண்டு காணலாம்.

முதலாவது, 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட எக்சிடர் ஏட்டில் உள்ளதும், 'அலைந்து திரிவோன்' எனப் பொருள்படும் தலைப்பால் இன்று வழங்கப்படுவதுமான பாடல். தலைவனை இழந்த போர்வீரன் ஒருவன் குளிர்ந்த கடலில் தனியே செல்கிறான். துயரும் உறக்கமும் ஒருங்கே மேலிட, தன் தலைவனைத் தழுவி முத்தமிட்டு, அவன் முழங்காலில் கைகளையும் தலையையும் வைப்பதாகக் கனவு காண்கிறான். விழித்துப் பார்க்கையில் கடற்பறவைகளும் உறைபனியுமே எதிரில் உள்ளன. இங்குத் தழுவல் வீரனுக்கும் தலைவனுக்கும் இடையிலான கடப்பாட்டின் அடையாளம். அதே வேளையில் அது ஆழ்ந்த அன்பும் ஆகும். கடப்பாடு வேறு, அன்பு வேறு எனப் பிரிப்பதற்கு அப்பாடல் இடந்தருவதில்லை.

இரண்டாவது, 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் மேற்கு நடுப்பகுதியில் தோன்றிய 'ஆங்கிரென் விஸ்ஸெ' என்னும் உரைநடை நூல். இது தனியறையில் அடைபட்டு நோன்பிருந்த பெண்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி. இறைவன் சில வேளைகளில் அடியாரை விட்டு மறைவது ஏன் என்பதை விளக்க, ஆசிரியர் ஒரு தாயைக் காட்டுகிறார். அவள் குழந்தையிடமிருந்து ஒளிந்துகொள்கிறாள். குழந்தை சுற்றுமுற்றும் பார்த்து, அம்மாவென்று அழைத்துச் சற்று அழுகிறது. உடனே அவள் கைகளை விரித்து, சிரித்துக்கொண்டே பாய்ந்து வந்து, தழுவி முத்தமிட்டுக் கண்களைத் துடைக்கிறாள். போர்வீரனின் கனவில் வந்த அதே இரு வினைகள்தாம் இங்கும் வருகின்றன. மேற்கு வட்டாரத்திற்கு ஏற்ப உயிரொலி மட்டுமே உகரமாக உள்ளது.

மூன்றாவது, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த 'பியர்ஸ் ப்ளவ்மன்'. இதன் 18ஆம் பகுதியில் இரக்கம், உண்மை, நீதி, அமைதி என்னும் நான்கு பெண்கள் மனிதகுலத்தின் மீட்பைப் பற்றி வாதிடுகின்றனர். வாதம் முடிந்ததும், உடன்படிக்கையாகத் தழுவிக்கொண்டு ஒருவரையொருவர் முத்தமிடுவோம் என்று உண்மை கூறுகிறாள். நாம் பூசலிட்டதை மக்கள் அறியவேண்டா என்று அமைதி விடையிறுக்கிறாள். ஈண்டு 'கிளிப்' என்பது முத்திரையிட்ட ஆவணத்திற்கு ஒப்பானது.

தலைவன், தாய், உடன்படிக்கை என்னும் இம்மூன்றோடு காதலர் தழுவலுக்கும் இச்சொல்லே வழங்கியது. ஆகவே 'கிளிப்பன்' உறவு வகையைச் சுட்டும் சொல் அன்று; கைகளால் சூழ்ந்து கொள்ளும் செயலை மட்டுமே அது சுட்டியது. உறவின் தன்மையைச் சூழலே உணர்த்திற்று. இதுவே இச்சொற்புலத்தின் அடிப்படைப் பண்பு எனலாம்.

2. கழுத்தும் கையும்

'கிளிப்பன்' தவிர்த்த பிற சொற்களுட் பல, உடலுறுப்பு ஒன்றன் பெயரிலிருந்து பிறந்தவை. இவற்றை இரு குழுக்களாகப் பகுக்கலாம்.

கழுத்தை அடியாகக் கொண்டவை முதற் குழு. கழுத்தைக் குறித்த 'ஹால்ஸ்' என்னும் பெயரிலிருந்து 'ஹால்சென்' என்னும் வினை தோன்றியது. இலத்தீன் மொழியில் கழுத்தைக் குறித்த சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 'அக்கோலென்' என்னும் வினையும், அதன் குறுகிய வடிவான 'கோலென்' என்பதும் ஆங்கிலத்திற்கு வந்தன. விவிலியத்தின் சபை உரையாளர் நூலில் தழுவுவதற்கு ஒரு காலம் உண்டு எனக் கூறும் பகுதியை விக்ளிஃப் மரபினரின் பிந்திய பெயர்ப்பு இந்தக் 'கோலென்' என்னும் வினையால் பெயர்த்தது. 1611இல் வெளிவந்த அரசர் ஜேம்ஸ் பெயர்ப்பு அதே இடத்தில் 'எம்ப்ரேஸ்' என்பதைக் கொண்டது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த சொல் மாற்றத்திற்கு இது நல்ல சான்று.

கையை அடியாகக் கொண்டவை இரண்டாம் குழு. 'எம்ப்ரேஸ்' என்பது இரு கைகளைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்து 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இடம்பெற்றது. கேடயத்தைக் கையில் மாட்டிக்கொள்வதற்கும் பிரெஞ்சில் இவ்வினை வழங்கியது. சாசரின் 'கிளார்க் கூறிய கதை'யில் இதன் ஆற்றல் புலனாகிறது. இறந்துவிட்டனர் என நம்பியிருந்த தன் இரு மக்களையும் மீண்டும் காணும் கிரிசெல்டா அவர்களைத் தழுவியவாறே மயங்கி விழுகிறாள். மயக்கத்திலும் அவள் பிடி தளரவில்லை. அருகிருந்தோர் பெருமுயற்சி செய்தே அவள் கைகளிலிருந்து குழந்தைகளை விடுவிக்கின்றனர். கடன்பெற்ற சொல்லாயினும் அது அரண்மனைப் பாங்கிற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதை இவ்விடம் உணர்த்துகிறது.

இக்குழுவில் தனிக்கவனம் பெறத்தக்கது 'ஃபேத்ம்' என்னும் பழைய சொல். விரித்த கைகள், அக்கைகளின் அணைப்பு, அவ்விரிவின் நீளம் ஆகிய மூன்றையும் இது குறித்தது. அணைப்பு என்னும் பொருள் மெல்ல மறைய, நீட்டலளவை என்னும் பொருள் நிலைபெற்றது. சாசரின் 'நைட் கூறிய கதை'யில் ஈமத்திற்கு அடுக்கிய மரங்களின் கைகள் இருபது 'ஃபேதம்' பரந்திருந்தன என வருகிறது. கைகள் என்றால் கிளைகள் என அவரே விளக்கமும் தருகிறார். கையும் ஃபேதமும் அருகருகே நின்றும் அங்கே அணைப்பு இல்லை; அளவு மட்டுமே உள்ளது. பின்னர் ஆறு அடி கொண்ட கடல் ஆழ அளவையாகிய இச்சொல், 17ஆம் நூற்றாண்டில் ஒன்றன் ஆழத்தை அறிதல், புரிந்துகொள்ளல் என்னும் பொருளைப் பெற்றது. இரு கைகளையும் விரித்த நீளத்தைத் தமிழில் மார் என அளப்பதை இதனோடு ஒப்புநோக்கலாம்.

கழுத்தும் கையும் ஒருங்கே செயற்படும் காட்சி 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' என்னும் 14ஆம் நூற்றாண்டுப் பாடலில் உள்ளது. டோல்கினும் கார்டனும் 1925இல் வெளியிட்ட பதிப்பால் இது பரவலாக அறியப்பட்டது. வேட்டையில் தான் பெறுவதை விருந்தினனுக்குத் தருவதாகவும், வீட்டில் அவன் பெறுவதைத் தனக்குத் தரவேண்டும் என்றும் கோட்டைத் தலைவன் கவெய்னிடம் ஒப்பந்தம் செய்கிறான். தலைவனின் மனைவியிடம் கவெய்ன் முதல்நாள் ஒரு முத்தமும், அடுத்த நாள் இரண்டும், மூன்றாம் நாள் மூன்றும் பெறுகிறான். ஒவ்வொரு மாலையும் அவற்றை அவைநடுவே தலைவனுக்கு அளிக்கிறான். முதல்நாள் தலைவனின் கழுத்தைக் கைகளுக்குள் பூட்டிக்கொள்கிறான். இரண்டாம் நாள் கழுத்தைச் சுற்றிப் பற்றுகிறான். மூன்றாம் நாள் 'அக்கோலென்' என்னும் வினை வருகிறது. மூன்று நாளும் மூன்று சொற்கள். எல்லாவற்றிலும் கழுத்தே மையம். பாடலில் வரும் பதற்றம் ஆடவர் இருவர் முத்தமிடுவதால் எழுவதன்று. அம்முத்தங்கள் எங்கே பெறப்பட்டன என்று கூற வேண்டியதில்லை என்பதாலும், மூன்றாம் நாள் பெற்ற கச்சையைக் கவெய்ன் மறைத்துவிடுவதாலுமே எழுகிறது.

3. மூன்று 'ஹால்ஸ்': பதிப்பாசிரியர்க்கு ஓர் இடர்

ஒரே வடிவில் வழங்கும் வெவ்வேறு சொற்கள் பொருள் மயக்கம் தருவன. 'ஹால்ஸ்' என்னும் வினை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இடைக்கால ஆங்கிலத்தில் இவ்வடிவிலோ இதனை ஒட்டிய வடிவிலோ மூன்று வினைகள் வழங்கின.

முதலாவது, கழுத்தைக் கட்டித் தழுவுதல். நாரிச் நகர ஜூலியன் 1373 மே மாதத்தில் தாம் கண்ட காட்சிகளை விரித்தெழுதிய நூலில், இறைவன் நமக்கு ஆடையாக இருக்கிறான் எனக் கூறுமிடத்தில் இது வருகிறது. போர்த்தல், சுற்றுதல், தழுவுதல், முற்றும் உள்ளடக்குதல் என வினைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஆடை உடலைச் சூழ்வதும் கை கழுத்தைச் சூழ்வதும் அங்கு ஒரே செயலாகின்றன.

இரண்டாவது, இறைவன் பெயரால் ஆணையிட்டு வேண்டுதல். சாசரின் 'பிரயோரஸ் கூறிய கதை'யில் மடத்துத் தலைவர் இறந்த சிறுவனை நோக்கிப் பேசுமிடத்தில் இப்பொருள் வருகிறது. அதற்கு முன்பே, ஆணையிடலைக் குறிக்கும் வேறொரு வினையைச் சாசர் ஆண்டிருப்பதால் ஐயத்திற்கு இடமில்லை. இவ்வினையின் பிறப்பு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. கழுத்தையோ முழங்காலையோ கட்டிக்கொண்டு இறைஞ்சும் வழக்கத்திலிருந்து இது வந்தது என்பர் ஒரு சாரார். நலம், நற்குறி என்னும் பொருளுடைய வேறோர் அடியிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார்.

மூன்றாவது, பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததும் நலங்கூறி வரவேற்றலைக் குறிப்பதுமான 'ஹெய்ல்ஸ்'. கவெய்ன் பாடலில் இரு பெண்கள் எதிர்ப்படும்போது மூத்தவளுக்குத் தாழ்ந்து வணங்கி இவ்வினையால் வரவேற்புக் கூறுகிறான். இளையவளையோ மெல்லக் கைகளுள் அணைக்கிறான். முன்னதைத் தழுவல் எனக் கொள்வோர் ஆசிரியர் வகுத்த மரியாதை வேறுபாட்டையே அழித்துவிடுகின்றனர். ஓரெழுத்து வேறுபாடு ஒரு காட்சியின் பொருளை மாற்றவல்லது என்பதை இது காட்டுகிறது.

4. சொல்லும் சடங்கும்

இச்சொற்கள் பொதுவாக இயங்கியதற்குக் காரணம், இவை குறித்த செயல்கள் பொதுவாழ்வில் பெற்றிருந்த இடமே. தலைவனுக்கு அடிமைப்பணி ஏற்பவன் தன் இணைந்த கைகளை அவன் கைகளுக்குள் வைப்பான். பின் முத்தம் பரிமாறப்படும். திருப்பலியில் அமைதி முத்தம் உண்டு. 13ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் மக்கள் ஒருவரையொருவர் முத்தமிடுவதற்கு மாற்றாக ஒரு சிறு பலகையை முத்தமிட்டுக் கைமாற்றும் வழக்கம் பரவியது.

முத்தம் மறுக்கப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு வரலாறே சான்று. இரண்டாம் ஹென்றி மன்னனுக்கும் கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டுக்கும் இடையே 1169 நவம்பரில் மோன்மார்த்தரில் உடன்பாடு ஏறத்தாழ எட்டப்பட்டது. ஆனால் பேராயருக்கு ஒருபோதும் அமைதி முத்தம் தருவதில்லை எனத் தான் சூளுரைத்திருப்பதாகக் கூறி மன்னன் அதை மட்டும் மறுத்தான். பேச்சு முறிந்தது. அடுத்த ஆண்டு முத்தம் இன்றியே இணக்கம் ஏற்பட்டுப் பேராயர் நாடு திரும்பினார்; 1170 டிசம்பர் 29இல் தம் பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். கொலைக்கு முத்த மறுப்பே காரணம் என்பது பொருந்தாது. எனினும் எல்லா நிபந்தனைகளையும் ஏற்ற மன்னன் முத்தத்தை மட்டும் மறுத்தமையும், பேராயர் அதனைப் பெரிதாகக் கொண்டமையும் அச்செயலின் பொதுநிலை மதிப்பை உணர்த்துவன. 1439இல் கொள்ளைநோய்க் காலத்தில், பணிவு ஏற்புச் சடங்கில் மன்னனை முத்தமிடுவதைத் தவிர்க்க இசைவு வேண்டி நாடாளுமன்றத்தில் விண்ணப்பம் வைக்கப்பட்டது. முத்தம் இல்லாவிடினும் அச்சடங்கு செல்லும் என்று உறுதிபெற வேண்டியிருந்தது.

5. பழைய சொல்லின் மறைவு

'கிளிப்பன்' மறைந்தது ஏன்? 1200 அளவில் வெட்டுதல், கத்தரித்தல் என்னும் பொருளுடைய மற்றொரு 'கிளிப்' பழைய நார்ஸிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்தது. ஆட்டின் மயிரைக் கத்தரிப்பதற்கும், நாணயத்தின் விளிம்பை வெட்டி வெள்ளியைத் திருடும் குற்றத்திற்கும் இச்சொல் வழங்கியது. சேர்த்துப் பிடித்தலும் வெட்டிப் பிரித்தலும் ஒரே ஒலி வடிவம் பெற்றன. மயக்கத்திற்கு இது வழிவகுத்திருக்கலாம். எனினும் இதுவொன்றே காரணம் எனல் இயலாது. இரு சொற்களும் பல நூற்றாண்டுகள் ஒருங்கே வாழ்ந்தன. ஷேக்ஸ்பியரின் 'கொரியோலேனஸ்' நாடகத்தில் போர்க்களத்தில் ஒரு வீரன் தன் படைத்தலைவனைத் தழுவ இவ்வினையையே ஆள்கிறான். தன் மணநாள் மகிழ்ச்சியை உவமையாக்கவும் அவன் தயங்கவில்லை. பழைய வீரனின் கனவு அங்கே மீண்டும் ஒலிக்கிறது.

அதன்பின் இச்சொல் வட்டார வழக்கில் ஒதுங்கியது. ஆயினும் முற்றும் அழியவில்லை. தாள்களைச் சேர்த்துப் பிடிக்க நம் அலுவலகங்களில் பயன்படுத்தும் 'கிளிப்' இப்பழைய வினையின் வழிவந்ததே. அதுபோன்றே கழுத்தைக் கட்டித் தழுவி வீரப்பட்டம் அளித்ததைக் குறித்த 'அக்கொலேட்' இன்று பாராட்டு, விருது என்னும் பொருளில் வாழ்கிறது. இரு சொற்களும் தழுவலை இழந்து, ஒன்று பிடியையும் மற்றொன்று பெருமையையும் காத்துக்கொண்டன.

வெற்றிடத்தை நிரப்பிய சொற்கள் வேறு இயல்பின. 'எம்ப்ரேஸ்' மேன்மை வழக்காகவும், கருத்தையோ சமயத்தையோ ஏற்றலைக் குறிப்பதாகவும் உயர்ந்தது. பிறப்புத் தெளிவற்ற 'ஹக்' பேச்சு வழக்கின் இயல்பான தழுவலாயிற்று. 'கடில்' குழந்தைமையும் கதகதப்பும் சார்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் வந்த 'கரெஸ்', அந்நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய 'ஃபாண்டில்' ஆகியவை தனிமையின் வருடலைக் குறித்தன. ஒரு சொல் பல உறவுகளைத் தாங்கிய நிலை மாறி, உறவுக்கு ஒரு சொல் என்னும் நிலை வந்தது. உடலன்பு பொதுச்சடங்கிலிருந்து விலகித் தனிவாழ்வுக்கு உரியதாகிய மாற்றத்தோடு இதனை இணைத்துக் காண்பது பொருத்தமாகும்.

6. தமிழில் பெயர்ப்போர்க்கு

தற்கால ஆங்கிலப் பெயர்ப்பாளர் 'கிளிப்' வரும் இடங்களில் சூழலுக்கு ஏற்பப் பல சொற்களை இடுகின்றனர். அவற்றை மட்டும் நோக்கித் தமிழாக்குவோர் வீரனுக்கு ஒரு சொல்லும், தாய்க்கு ஒரு சொல்லும், காதலர்க்கு ஒரு சொல்லுமாக ஆள நேரும். மூலத்தில் ஒரே சொல் நிற்கிறது என்பது வாசகர்க்குத் தெரியாமற் போகும்.

தமிழில் இதற்குத் தீர்வு உண்டு. முயங்குதல் பெரும்பாலும் காதலர்க்கு உரியது. அதனை வீரனின் கனவில் இட்டால் பாடல் வேறாகிவிடும். கட்டிப்பிடித்தல் பேச்சு வழக்கு. ஆலிங்கனம் வடமொழிச் சாயல் மிக்கது. தழுவுதல் ஒன்றே தாய், நண்பர், தலைவர், காதலர் அனைவர்க்கும் பொருந்துகிறது. சமயத்தைத் தழுவுதல், தழுவல் நூல், இலக்கணத்தில் தழாத்தொடர் என அது உடலைக் கடந்தும் செல்கிறது. 'கிளிப்' வரும் இடந்தோறும் தழுவுதலையே ஆள்வது மூலத்தின் பொதுமையைக் காக்கும். 'ஹால்ஸ்', 'அக்கோலென்' ஆகியவற்றிற்குக் கழுத்தைக் கட்டிக்கொள்ளுதல் என நேரே கூறலாம். தமிழ் விவிலியத்தில் ஏசாவும் யாக்கோபும் சந்திக்கும் பகுதியில் இவ்வழக்கு முன்னமே உள்ளது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். முத்தமிடல் நமக்குக் கூச்சம் தருகிறது என்பதற்காக வீரன் தலைவனை வணங்கினான் என்றோ, தாய் உச்சிமோந்தாள் என்றோ மாற்றுதல் தகாது. உச்சிமோத்தல் நம் மரபில் அழகிய செயல். ஆனால் அவர்கள் செய்தது அதுவன்று. மாற்றினால் கூச்சம் நீங்கும்; அதனோடு சான்றும் நீங்கிவிடும்.

முடிவுரை

இடைக்கால ஆங்கிலத்தின் தழுவற் சொற்கள் கை, கழுத்து, சூழ்தல் என்னும் உடலியல் அடிப்படையில் அமைந்தவை. உறவு வகையால் பகுக்கப்பட்டவை அல்ல. உறவு வகையால் பகுக்கும் சொற்கள் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டு முதல் பெருகின. இவ்வேறுபாட்டை உணராது தற்காலச் சொற்களைக் கொண்டு பழைய நூல்களைப் படிப்பின், இல்லாத காமத்தைக் காணவும் இருக்கும் அன்பைக் காணாது விடவும் நேரும். இவ்விரு பிழைகளும் சொல்லின் வரலாற்றை அறியாமையால் வருவன. தலைவனை இழந்த வீரன் கனவில் எதனைத் தழுவினான் என்பதை அவன் மொழியிலேயே அறிந்த பின்னரே நம் மொழியில் அதற்குரிய சொல்லைத் தேடுதல் முறையாகும்.